19 கிலோவில் ஒரு நாணயம்: ஸ்காண்டிநேவியா பணத்தை நம்பக் கற்ற வரலாறு

1644-இல் ஸ்வீடன் அரசு ஒரு நாணயத்தை வெளியிட்டது. எடை 19.7 கிலோ. வட்டமாக இல்லை, நீள்சதுரச் செம்புப் பலகை. நான்கு மூலைகளிலும் நடுவிலும் அரச முத்திரை. மதிப்பு 10 டாலெர். புழக்கத்துக்கென்று அடிக்கப்பட்ட உலோகக் காசுகளில் இதைவிடக் கனமானது வேறு இல்லை. அதே நாடு 17 ஆண்டுகள் கழித்து, 1661-இல், ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை அச்சடித்தது. முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது. அது எப்படி என்று சொல்வதற்கு முன், இன்னும் ஓர் எட்டு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

ஸ்வீடன், டென்மார்க், நார்வே என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருபவர்கள், காபிக்கும் காய்கறிக்கும் கைபேசியிலேயே பணம் கட்டுகிற மக்கள். அரசையும் வங்கியையும் பெரிதாகச் சந்தேகிக்காதவர்கள். அந்த நம்பிக்கை அவர்களுடைய பிறவிக் குணம் என்பதுபோலப் பலர் எழுதுகிறார்கள். பணத்தின் வரலாற்றைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளி என்று சொல்லிச் செம்பைக் கொடுத்த மன்னர்கள், திருப்பித் தர முடியாத அளவுக்கு நோட்டு அடித்த வங்கி, போருக்காக மக்களின் சேமிப்பைக் கரைத்த அரசுகள் எல்லாம் அங்கேயும் உண்டு. ஒவ்வொரு முறை அடிபட்ட பிறகும் ஏதோ ஓர் ஏற்பாட்டைக் கட்டினார்கள். சில நின்றன, சில நிற்கவில்லை.

ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்தில் யாருடைய வாக்கையும் நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் வணிகம் நடந்தது. காசின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. எடை என்ன, வெள்ளி சுத்தமா, அவ்வளவுதான் கேள்வி. வணிகர்கள் மடித்துவைக்கும் சிறு தராசைக் கூடவே கொண்டுபோனார்கள். கைக்காப்பு, வெள்ளிக் கம்பி, வெளிநாட்டுக் காசு எதுவானாலும் தேவைக்கேற்ப வெட்டி நிறுத்துக் கொடுத்தார்கள். கத்தி முனையால் காசின் ஓரத்தைக் குத்திப் பார்ப்பது வழக்கம். அப்படிக் குத்திய தழும்புகள் இன்றும் அருங்காட்சியகக் காசுகளில் தெரிகின்றன. மார்க், எரே, எர்துக் என்பவை அப்போது எடை அலகுகள்: ஒரு மார்க்குக்கு 8 எரே, ஒரு எரேவுக்கு 3 எர்துக்.

அந்த வெள்ளியில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? பாக்தாத், சமர்கந்து, தாஷ்கந்து. பால்டிக் கடலின் நடுவே இருக்கும் காட்லாந்து தீவில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட வெள்ளிப் புதையல்கள் கிடைத்துள்ளன. 1999-இல் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணை நிலத்தில் தோண்டியபோது ஏறக்குறைய 67 கிலோ வெள்ளி வெளியே வந்தது. அதில் 14,000-க்கும் மேற்பட்ட காசுகள், பெரும்பாலும் அரபு எழுத்து பொறித்த திர்ஹம்கள். ‘மோசே இறைவனின் தூதர்’ என்று பொறித்த ஒரு காசும் அதில் இருந்தது. யூத சமயத்தைத் தழுவிய கசார் அரசில் அடித்தது அது. ரஷ்ய ஆறுகள் வழியே வைக்கிங்குகள் கொண்டுபோய் விற்றவை மென்மயிர்த் தோலும் மனிதர்களும். அந்தப் பளபளப்பான வெள்ளியின் ஒரு பகுதி அடிமை வணிகத்தின் விலை என்பதை விட்டுவிட்டு இந்தப் புதையல்களைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கத்திய வெள்ளி வற்றத் தொடங்கியது. அப்புறம் வெள்ளி மேற்கிலிருந்து வந்தது: ஜெர்மன் சுரங்கங்களிலிருந்தும், இங்கிலாந்திலிருந்தும். இங்கிலாந்து மன்னர் எதெல்ரெட், படையெடுத்து வந்த டேனியர்களைத் திருப்பி அனுப்ப 991-இல் 10,000 பவுண்டு வெள்ளி கொடுத்தார். 994-இல் 16,000 பவுண்டு. கொடுக்கக் கொடுக்கத் தொகை ஏறிக்கொண்டே போனது. ஏறக்குறைய அதே சமயத்தில், 995-ஐ ஒட்டி, டென்மார்க்கில் ஸ்வெய்ன், ஸ்வீடனின் சிக்டூனாவில் ஓலோஃப், நார்வேயில் ஓலாவ் ஆகிய மூன்று மன்னர்களும் தங்கள் பெயரில் காசு அடிக்கத் தொடங்கினார்கள். மூன்றுமே எதெல்ரெட்டின் சிலுவை போட்ட பென்னியைப் பார்த்து அடித்தவை. அடித்தவர் பெயராக மூன்று நாட்டுக் காசிலும் காட்வின் என்ற ஆங்கிலேயப் பெயர் வருகிறது. கொள்ளைப் பணத்தோடு அதைச் செய்யும் தொழில்நுட்பமும் கடல் கடந்து வந்தது.

மன்னன் பெயர் காசில் ஏறியதும் புது ஆசையும் வந்தது. எடைபோட்டு வாங்கியவர்களை எண்ணி வாங்கச் செய்துவிட்டால், உள்ளே வெள்ளியைக் குறைக்கலாமே! நார்வேயின் ஹாரால்ட் ஹார்ட்ராடா இதை முழுமூச்சாகச் செய்தவர். பைசாந்தியப் பேரரசரின் காவல்படையில் இருந்து திரும்பி வந்தவர் அவர்; 1066-இல் இங்கிலாந்தில் போரில் இறந்தார். அவருடைய கடைசிக் காலக் காசுகளில் வெள்ளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஐஸ்லாந்தின் சாகா எனப்படும் பழங்கதை ஒன்று சொல்லும் நிகழ்ச்சி இது: மன்னருடன் பைசாந்தியத்தில் சேர்ந்து போரிட்ட ஹால்டோர் என்ற வீரருக்குச் சம்பளம் இந்தக் காசில் கொடுக்கப்பட்டது; அவர் அதைத் தரையில் பரப்பியிருந்த வைக்கோலில் வீசிவிட்டார். கடைசியில் மன்னர் அவருக்குச் சுத்த வெள்ளியே கொடுத்தார். வாளேந்திய நண்பனுக்கு அது கிடைத்தது. ஊர்ச் சந்தையில் மீன் விற்றவருக்குக் கிடைத்திருக்காது. இடைக்காலம் முழுக்க இந்தக் கதைதான் வெவ்வேறு மன்னர் பெயர்களில் திரும்பத் திரும்ப நடந்தது. டென்மார்க்கில் உள்நாட்டுச் சண்டை நடந்த 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் காசுகளில் வெள்ளி பெயருக்குத்தான் இருந்தது.

சரி, இப்போது அந்தச் செம்புப் பலகைக்கு வருவோம்.

ஸ்வீடனிடம் வெள்ளி குறைவு, செம்பு ஏராளம். ஃபாலூன் நகரத்துச் சுரங்கம் 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்குவரை கொடுத்தது. டென்மார்க்குடன் நடந்த போரில் தோற்று, எல்வ்ஸ்போர்க் கோட்டையை மீட்க 10 லட்சம் வெள்ளி ரிக்ஸ்டாலெர் கட்ட வேண்டும் என்று 1613-இல் ஒப்பந்தமானபோது, அந்தத் தொகையைத் திரட்டவும் செம்பையே நம்பினார்கள். 1624-இல் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் செம்பிலேயே நாணயம் அடிக்கச் செய்தார். இதில் ஒரு வணிகக் கணக்கு இருந்தது. எடுத்த செம்பையெல்லாம் சந்தையில் கொட்டினால் விலை சரியும். ஒரு பகுதியை உள்நாட்டுக் காசாக்கிவிட்டால் ஐரோப்பியச் சந்தையில் விலை நிற்கும். நாட்டின் பணப் புழக்கமே ஒரு செம்புக் கிடங்காகப் பயன்பட்டது.

ஆனால் செம்பு மலிவான உலோகம். காசின் மதிப்புக்குச் சமமான உலோகம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற பழைய விதியைக் கைவிடாமல் இருந்தால், பெரிய தொகைக்குப் பெரிய பலகைதான் வழி. அப்படித்தான் ராணி கிறிஸ்டினா காலத்தில் 19.7 கிலோ பலகை வந்தது. அந்த 10 டாலெர் பலகையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்; ஆனால் சிறிய பலகைகள் 1776 வரை தொடர்ந்தன. வரி கட்டப் போகிறவர் வண்டி பூட்டிக்கொண்டு போனார். இது முட்டாள்தனம் என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அரசு வாக்குத் தவறினாலும், பலகையை உருக்கினால் செம்பு இருக்கிறது. ஹால்டோர் கேட்ட உத்தரவாதத்தை இந்தப் பலகை சாதாரணக் குடிமகனுக்கும் கொடுத்தது.

அந்த உத்தரவாதம் எவ்வளவு உண்மையானது என்பதற்கு இந்தியாவோடு தொடர்புடைய சான்று ஒன்று இருக்கிறது. பலகைகள் செல்லாமல் போன பிறகு அவை வெறும் செம்பாக விற்கப்பட்டன. 1783-இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட நிகோபார் என்ற டேனியக் கப்பல் தென்னாப்பிரிக்கக் கரையோரம் உடைந்து மூழ்கியது. 1980-களில் அதைக் கண்டெடுத்தபோது, உள்ளே ஆயிரக்கணக்கில் ஸ்வீடன் பலகைகள் இருந்தன. பணம் என்ற மதிப்பு போனபின்னும், செம்பு என்ற மதிப்பில் அவை இந்தியச் சந்தையை நோக்கி வந்துகொண்டிருந்தன.

அந்த டேனியர்களுக்கு இங்கே சொந்தமாக ஓர் ஊரும் இருந்தது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அங்கே தங்கள் நாட்டு டாலெரைப் புகுத்தவில்லை. நம்மூர்க் கணக்குக்குப் பொருந்துகிற காசும் பணமும்தான் அடித்தார்கள்: முதலில் ஈயக் காசு, பிறகு டென்மார்க் மன்னர்களின் பெயரெழுத்து பொறித்த செம்புக் காசு, வெள்ளிப் பணம். 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

ஸ்டாக்ஹோமில் இவ்வளவு கனமான பணத்தைச் சுமக்க முடியாத வணிகர்களுக்கு ஒரு வழி சொன்னவர் யோஹான் பால்ம்ஸ்ட்ரூக். ரீகாவில் பிறந்தவர், ஆம்ஸ்டர்டாமில் கடனாளியாகி நொடித்தவர். 1656-இல் மன்னர் அனுமதியுடன் அவர் தொடங்கிய ஸ்டாக்ஹோம் வங்கி, மக்கள் கொண்டுவந்த செம்பை வைப்பாக வாங்கிக்கொண்டது. அந்த வைப்பை எடுத்து நீண்ட காலக் கடனாகக் கொடுத்தது. இன்றைய வங்கிகள் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. அப்போது இது புதிது, ஆபத்தும் புதிது. 1660-இல் மன்னர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் இறந்தார். அதே ஆண்டு அரசு பலகையின் எடையை ஏறத்தாழ 17 சதவீதம் குறைத்தது. பழைய பலகைக்குள் இருந்த செம்பு அதன் முகமதிப்பைவிட விலை அதிகமாகிவிட்டது. பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பழைய பலகையைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். வங்கியோ அதைக் கடன் கொடுத்திருந்தது.

பால்ம்ஸ்ட்ரூக் காகிதத்தைக் கொடுத்தார். அச்சடித்த தாள், கையெழுத்துகள், முத்திரை. இதைக் காட்டுபவருக்கு இவ்வளவு தொகை தரப்படும் என்ற உறுதி. 1661-இல் வந்த இந்த நோட்டுகள் முதலில் கொண்டாடப்பட்டன. கிலோக் கணக்கில் செம்பு தூக்கியவர்களுக்கு ஒரு தாள் எவ்வளவு பெரிய விடுதலை! சிக்கல் என்னவென்றால், செம்பு தோண்டினால்தான் வரும். நோட்டுக்கு மையும் தாளும் போதும். தேவைக்கு மேல் அடித்தார். நோட்டைக் கொண்டுவந்தவர்களுக்குக் கொடுக்க உலோகம் இல்லை. 1664-க்குள் வங்கி முடங்கியது. பால்ம்ஸ்ட்ரூக்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதைச் சிறையாகக் குறைத்தார்கள். 1671-இல் இறந்தார். அவர் திட்டமிட்டு ஏமாற்றியவர் என்று எனக்குத் தோன்றவில்லை. பலகையின் எடையைக் குறைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் வங்கிக்கு ஓடிவரச் செய்தது அரசு. தண்டனை அவருக்கு மட்டும் கிடைத்தது.

இந்தச் சிதைவின் மேல்தான் 1668-இல் இன்றைய ஸ்வீடன் மத்திய வங்கி எழுந்தது. இன்றும் இயங்கும் மத்திய வங்கிகளில் உலகிலேயே பழையது இது. இதன் 300-ஆவது ஆண்டையொட்டி 1968-இல் நிறுவியதுதான் நோபல் நினைவாகத் தரப்படும் பொருளாதாரப் பரிசு. 1668-இல் எடுத்த முக்கியமான முடிவு, வங்கியை மன்னரின் கையில் கொடுக்காமல் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் வைத்தது. நோட்டு அடிக்கவும் தடை போட்டார்கள். அப்போதைய நாடாளுமன்றத்தின் நான்கு பிரிவுகளில் விவசாயிகள் பிரிவு, எங்களுக்கு இந்த வங்கியில் பங்கே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. சூடுபட்டவர்களின் எச்சரிக்கையாகத்தான் அதைப் படிக்கத் தோன்றுகிறது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது என்பது ஐம்பது ஆண்டுகளுக்குள் தெரிந்தது. மன்னர் பன்னிரண்டாம் கார்ல் ரஷ்யாவுடன் ஓயாமல் போர் நடத்திக் கருவூலத்தைக் காலியாக்கினார். 1715 முதல் 1719 வரை சிறு செம்பு வில்லைகளை அடித்து, ஒவ்வொன்றும் ஒரு வெள்ளி டாலெருக்குச் சமம் என்று அறிவித்தார்கள். உள்ளே இருந்த செம்பு அந்த மதிப்பில் மிகச் சிறு பகுதிதான். ஜூபிடர், சனி, மார்ஸ் என்று ரோமானியக் கடவுள்களை அதில் பொறித்தார்கள். கோடிக்கணக்கில் அடித்தபோது விலைவாசி ஏறியது, பொருள்கள் பதுங்கின. 1718 கடைசியில் நார்வேயில் ஒரு கோட்டை முற்றுகையில் மன்னர் குண்டடிபட்டு இறந்தார். இந்தத் திட்டத்தோடு பெயர் ஒட்டிக்கொண்ட அமைச்சர் கோர்ட்ஸை அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தலையை வெட்டினார்கள். வில்லைகளின் மதிப்பில் பாதியை அரசு கைகழுவியது. கடைசியாக வந்த வில்லையில் பொறித்திருந்த உருவம் ‘நம்பிக்கை’. அதை வைத்திருந்தவர்களுக்கு அது செல்லாக் காசு.

நாடாளுமன்றத்தின் கையில் வங்கி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. மன்னரின் அதிகாரம் சுருங்கி நாடாளுமன்றம் ஓங்கியிருந்த 18-ஆம் நூற்றாண்டிலேயே வங்கி மறுபடி நோட்டு அடிக்கத் தொடங்கி, 1745-இல் அதை உலோகமாக மாற்றித் தருவதை நிறுத்தியது. பிரஷ்யாவுடனான போருக்கு அந்த நோட்டுகளே செலவழிந்தன. யார் கையில் அச்சு இருக்கிறது என்பதோடு, அவரைத் தடுக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதும் கேள்வி.

டென்மார்க்குக்குப் பெரிய அடி நெப்போலியன் காலத்தில் விழுந்தது. 1807-இல் ஆங்கிலேயக் கடற்படை கோபன்ஹேகன் மீது குண்டு வீசியது; டென்மார்க் பிரான்ஸின் பக்கம் சேர்ந்தது; போர்ச் செலவு முழுக்க நோட்டடித்தே நடந்தது. 1813 ஜனவரியில் அரசு திவாலானது. பழைய 6 டாலெர் நோட்டுக்குப் புதிய 1 டாலெர் என்றார்கள். புதிய வங்கிக்கு முதல் வேண்டுமென்று நாட்டிலிருந்த நிலம், வீடு எல்லாவற்றின் மதிப்பிலும் 6 சதவீதம் வங்கிக்கு உரியது என்று பாத்தியதை விதித்தார்கள். 1818-இல் அந்த வங்கியை அரசிடமிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கினார்கள்.

1814-இல் டென்மார்க்கிலிருந்து பிரிந்த நார்வே, அந்த மதிப்பிழந்த நோட்டுகளையும் சுமந்துகொண்டுதான் பிரிந்தது. 1816-இல் தனக்கென மத்திய வங்கியை அமைத்தது. வெள்ளி இருப்புக்குப் பங்கு வாங்கச் சொன்னபோது போதுமானவர்கள் முன்வரவில்லை. அதனால் 20 லட்சம் டாலெருக்கு வெள்ளி வரி போட்டார்கள். வீட்டு வெள்ளிப் பாத்திரங்களும் கரண்டிகளும் உருக்குலைக்குப் போயின. வரி கட்டியவர்கள் வங்கியின் பங்குதாரர்கள் ஆனார்கள். ஏழை நாடு, புதிய நாடு. நோட்டின் மதிப்பை மெல்ல மெல்ல உயர்த்தி, 1842-இல்தான் அதை முழு மதிப்புக்கு வெள்ளியாக மாற்றித் தர முடிந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது அந்த இருபத்தாறு ஆண்டுப் பொறுமைதான்.

இப்படி மூவரும் தனித்தனியே பாடம் படித்து முடித்த பிறகே 1873-இன் நாணய ஒன்றியம் சாத்தியமானது. ஜெர்மனி தங்கத்துக்கு மாறியதும், வெள்ளியை வைத்திருந்த வடநாடுகளும் மாற வேண்டியிருந்தது. டென்மார்க்கும் ஸ்வீடனும் 1873-இல், நார்வே 1875-இல் சேர்ந்தன. குரோனா என்ற புதிய பண அலகு வந்தது; ஒரு கிலோ தங்கத்துக்கு 2,480 குரோனா என்பது பொது அளவு. பழைய ஸ்வீடன் ரிக்ஸ்டாலெர் 1 குரோனா ஆனது, டேனிய டாலெர் 2, நார்வே டாலெர் 4. மூன்று நாட்டுக் காசும் மூன்று நாட்டிலும் செல்லும். பொது வங்கி கிடையாது, பொது அரசு கிடையாது. இருந்தும் நோட்டுகள்கூடப் படிப்படியாக எல்லை தாண்டிச் சம மதிப்பில் ஓடின. அதுவரை ஸ்வீடனோடு ஒரே மன்னரின் கீழ் இருந்த நார்வே 1905-இல் பிரிந்தது. அரசியல் ஒன்றியம் உடைந்தும் காசு ஒன்றியம் உடையவில்லை.

அதை உடைத்தது முதல் உலகப் போர். 1914-இல் மூன்று நாடுகளும் நோட்டைத் தங்கமாக மாற்றித் தருவதை நிறுத்தின. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பணவீக்கம் கூடுதல். அவர்களுடைய குரோனே (குரோனாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஸ்வீடனின் குரோனாவைவிட மலிவானது. ஆனால் ஒப்பந்தப்படி காசுகள் இன்னும் சமம். என்ன நடக்கும்? மலிவான நாட்டின் காசை மூட்டை கட்டி ஸ்வீடனுக்குக் கொண்டுபோய் மாற்றினால் லாபம். ஆட்கள் அதைத்தான் செய்தார்கள். 1924-இல் சில்லறைக் காசுகளின் சமமதிப்பும் முடிவுக்கு வந்தது. அதே காலத்தில்தான் நார்வே காசுகளின் நடுவில் ஓட்டை வந்தது. இன்றும் நார்வேயின் 1, 5 குரோனேயிலும் டென்மார்க்கின் 1, 2, 5 குரோனேயிலும் அந்த ஓட்டை இருக்கிறது. பெயர் மட்டும் பொதுவாக மிஞ்சியது.

யூரோ வந்தபோது இந்த அனுபவம் எவ்வளவு தூரம் நினைவில் இருந்தது என்று அளக்க முடியாது. ஆனால் இரண்டு வாக்கெடுப்புகளின் முடிவும் ஒன்றுதான். டென்மார்க் மக்கள் 2000-இல் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஸ்வீடனில் 2003-இல் ஏறக்குறைய 56 சதவீதம். ஸ்வீடனில் 1992-இன் நினைவு புதிதாகவே இருந்தது: குரோனாவின் நிலையான மதிப்பைக் காக்க அந்த செப்டம்பரில் மத்திய வங்கி வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியது, இருந்தும் நவம்பரில் கைவிட்டு, மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்டது. டென்மார்க்கோ யூரோவில் சேராமலே தன் குரோனேயை யூரோவோடு இறுகக் கட்டியிருக்கிறது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை.

இப்போது மாற்றம் வேறு திசையில். ஸ்வீடனில் 2012-இல் ஸ்விஷ், டென்மார்க்கில் 2013-இல் மொபைல்பே, நார்வேயில் 2015-இல் விப்ஸ் என்று கைபேசிச் செயலிகள் வந்தன. மூன்றையும் தொடங்கியவை வங்கிகள். ரொக்கம் வேகமாக மறைந்தது. ஸ்வீடனில் வாடிக்கையாளரிடம் ரொக்கம் வாங்க மாட்டோம் என்று கடைக்காரர் அறிவித்துவிடலாம் என்ற நிலை வந்தது. வசதிதான். ஆனால் மின்சாரமும் இணையமும் நின்றுபோனால்? முதியவர்கள், வங்கிக் கணக்கு எளிதில் கிடைக்காத புலம்பெயர்ந்தோர் என்ன செய்வார்கள்? உக்ரைன் போருக்குப் பிறகு இந்தக் கேள்விகள் அரசுகளின் மேசைக்கே வந்துவிட்டன. கடைகளில் ரொக்கமாகக் கட்டும் உரிமையை 2024 அக்டோபரில் நார்வே சட்டத்தால் வலுப்படுத்தியது. அடுத்த மாதம் ஸ்வீடன் அரசு, நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்ற கையேட்டை வீடுதோறும் அனுப்பியது. குடிநீர், உணவு, வானொலி ஆகியவற்றோடு, குறைந்தது ஒரு வாரச் செலவுக்கான ரொக்கத்தைப் பல மதிப்பு நோட்டுகளாக வீட்டில் வைத்திருங்கள் என்றும் அதில் அறிவுறுத்தியிருந்தது.